பாதிக் கெடா

உக்காருங்க தம்பி. அந்தச் சேர் வேண்டாங்க, அதுக்கு ஒரு கால் சரியில்ல. இதுல உக்காருங்க. நோட்டீச நீங்களே வெச்சிருங்க, எனக்குக் கண்ணாடி உள்ள கெடக்குது. படத்த மட்டும் பாத்தேன். நல்ல கெடா. கொம்பு இல்ல, வால் சன்னமா இருக்குது, ரோமம் தோலோட ஒட்டிக் கெடக்குது. சுத்த மேச்சேரிச் சாதிச் செம்மறின்னு போட்டிருக்கறீங்க, ஒத்துக்கறேன். ஆனா கூட்டுப் பண்ணை, பங்குதாரர்னு பெரிய எழுத்துல போட்டிருக்குது பாருங்க, அந்த வார்த்தைக்காகத்தான் உங்கள உள்ள கூப்புட்டேன். இல்லாட்டி வாசல்லயே அனுப்பிச்சிருப்பேன். கோவிச்சுக்காதீங்க.

கூட்டுல எனக்கு அனுபவம் உண்டுங்க. இந்தக் காங்கயம் சுத்துவட்டாரத்துலயே பாதிக் கெடா வெச்சிருந்த ஆளு நான் ஒருத்தன்தான். சிரிங்க, பரவால்ல. ஊரே சிரிச்சுது, நீங்க மட்டும் என்ன பாவம் பண்ணுனீங்க.

நான் மொபட் ரிப்பேர் கடை வெச்சிருந்தவன். கண்ணும் முட்டியும் போனதும் கடைய மூடிட்டு, சும்மா உக்காரக் கூடாதுன்னு செம்மறி வளக்க எறங்குனேன். ஆருகிட்டக் கத்துக்கிட்டேன்னா, போன்கிட்ட. போன்ல ஒருத்தர் தொப்பி போட்டுக்கிட்டு ஆட்டுக்கு நடுவுல நின்னு பேசுவாரு, அவருதான் எனக்குக் குரு. ரெண்டு மாசத்துல சந்தையில நின்னு அடுத்தவனுக்குப் புத்தி சொல்ற அளவுக்கு வந்துட்டேன். மேச்சேரி ஆடுகன்னு சொல்லித் தரகர் ஒரு மந்தையக் காட்டுனாரு. ஒண்ணுக்குக் காது கொஞ்சம் தொங்குச்சு, ஒண்ணுக்குத் தொடையில கருப்பா ஒரு திட்டு. பரவால்லைன்னுட்டேன். நான் என்ன நெனச்சேன்னா, எஞ்சின் நல்லதாப் போட்டா எந்த வண்டியும் ஓடும். கெடாதான எஞ்சின். அதச் சுத்தமா வாங்கிப்போட்டா, மிச்சமெல்லாம் தன்னால சரியாயிரும்.

அந்தக் கெடா வாங்கற கதைக்குத்தான் வர்றேன். அதுக்கு முன்னால எம்பட மகளப் பத்திச் சொல்லோணும். அவள உட்டுட்டா உங்குளுக்கு ஒண்ணும் வெளங்காது.

ஒரே மகள், வாணின்னு பேரு. அந்தியூர் பக்கம் கட்டிக்குடுத்தோம். மாப்ள நல்லவரு, நூல் மில்லுல ஷிப்டு வேல. வந்தாத் தூங்குவாரு, எந்திரிச்சாப் போயிருவாரு. சம்பந்தி சாமியப்பன் தோட்டங்காடு வெச்சிருக்கற மனுசன், நாலு வார்த்த கேட்டா ஒரு வார்த்த சொல்லுவாரு. சம்பந்தியம்மா அப்படி இல்லீங்க. குடும்பமே அந்தம்மா கையில. மருமகளப் பொறந்த ஊட்டுக்கு அனுப்போணும்னா காரணம் வேணும். பண்டிகை நோம்பின்னா வரலாம், ஒறம்பரை ஊட்டுல கல்யாணங்காச்சின்னா வரலாம், அதுவும் பொழுது சாயறதுக்குள்ள திரும்பிரோணும். சும்மா அம்மாவப் பாக்கோணும்னு சொன்னா, 'சும்மா எதுக்கு'ம்பாங்க. கல்யாணமாகி வருசம் ஓடிருச்சு, வயித்துல ஒண்ணும் தங்கல. அதுக்கப்பறம் அந்த 'சும்மா எதுக்கு' இன்னும் கெட்டிப்பட்டுப்போச்சு.

புள்ள போன்ல 'நல்லாருக்கேம்மா'ன்னு சொல்லுவா. அதக் கேட்டுட்டு என் சம்சாரம் அடுப்படியில போயி ஒண்ணும் பண்ணாம உக்காந்திருப்பா. எனக்கும் சங்கடந்தான். ஆனா புள்ளயக் குடுத்தவன் என்ன பேச முடியும். நம்ம கொரலு கொஞ்சம் தாழ்ந்துதான் இருக்கோணும், அதுதான் வழக்கம்.

அப்பத்தான் ஒருநா சம்பந்தியே போன் பண்றாரு. நீங்க சுத்தக் கெடா தேடறதா வாணி அம்மிணி சொல்லுச்சு, பாதி நான் போட்டுக்கறேன், கூட்டா வெச்சுக்கலாமுங்களான்னு கேக்கறாரு. எனக்குத் தல கால் புரியல. சம்பந்தி கூட்டுச் சேரறாருன்னா என்ன அர்த்தம், ஆட்டுச் சமாச்சாரத்துல எம்பட அறிவு அந்தியூர் வரைக்கும் பரவிருச்சுன்னு அர்த்தம். டீக்கடையில நாலு பேருக்கு என் காசுல டீ சொல்லி இதயும் சொன்னேன். குடிச்சுட்டுக் கேட்டுக்கிட்டாங்க.

கெடா வாங்குனோம். பல்லப் புடிச்சுப் பாத்தேன், முதுகத் தடவுனேன், எல்லாம் சம்பந்தி பாக்கறாருன்னுதான். ஒரே கெடா, ரெண்டு ஊரு. அதனால வளர்பெற அவுருக்கு, தேய்பெற எனக்குன்னு நாந்தான் பிரிச்சேன். பொண்ணு குடுத்த எடமாச்சே, நல்ல பெறய அவுருக்கு உட்டுக்குடுத்தேன். அமாவாசைக்கு அங்க போவும், பௌர்ணமிக்கு இங்க வரும். சம்பந்தி ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. கெடா வண்டியில மெரளுது, அம்மிணி கைக்குத்தான் அடங்குது, அம்மிணி கூடவே வந்து ரெண்டு நாள் உங்க ஊட்ல தங்கி எடம் பழக்கிவுடட்டும், திருப்பிக் கொண்டாறப்பவும் அதே மாதிரி வந்து கூட்டியாரட்டும்னாரு. சம்பந்தியம்மாளப் பக்கத்துல வெச்சுக்கிட்டேதான் போன்ல சொன்னாரு. அந்தம்மாளும், ஆட்டுக்குத் தேவைன்னா போயிட்டுத்தான் வரோணும்னுச்சு. பணம் போட்ட பொருளாச்சுங்களே.

மெரளுதாம். அந்தக் கெடா மாதிரி ஒரு சாது நான் பாத்ததில்ல தம்பி. கடலப் புண்ணாக்கக் காட்டுனா அத ஏத்திக்கிட்டு வர்ற குட்டியானை வண்டி டிரைவர் பின்னாலயே டீக்கடைக்குப் போவும். இதப் பழக்கறதுக்கு ஒரு ஆளா, அதுவும் மருமகளா, பாவம் சம்பந்திக்கு ஆட்டுப் பழக்கமே இல்லையாட்ட இருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். வாயத் தொறக்கல. சம்பந்தியாச்சே.

ஆக மாசம் ரெண்டு தடவ வாசல்ல வண்டி வந்து நிக்கும். பௌர்ணமிக்குன்னா பின்னால கெடா, அமாவாசைக்குன்னா காலி வண்டி, ரெண்டு தடவையும் முன்னால டிரைவர் பக்கத்துல வாணி. வர்றப்பக் கன்னமெல்லாம் ஒட்டிக் கெடக்கும். வந்ததும் கெடாவக்கூட எறக்க மாட்டா, நேரா உள்ள போயி அவங்கம்மா மடியில படுத்துக்குவா. பொறகு தூங்குவா. தூங்கறதுன்னா அப்படி ஒரு தூக்கம். எழுப்பிச் சோறு ஊட்டிவுட்டு, தலைக்கு எண்ண வெச்சு, மறுபடியும் படுக்க வெச்சிருவா என் சம்சாரம். நான் ஒருக்கா கேட்டே போட்டேன், "ஏன் அம்மிணி, கெடாவப் பழக்க வந்தியா, தூங்க வந்தியா"ன்னு. "அது பழகிக்கிச்சுப்பா"ன்னு சிரிச்சா. அவ சிரிச்சு எத்தன நாளாச்சுன்னு என் சம்சாரம் முந்தானையால மொகத்தத் தொடச்சுக்கிட்டா. நான் கெடாவுக்குத் தவுடு கலக்கப் போயிட்டேன். பசியோட இருக்குமில்ல.

அஞ்சு மாசம் கழிச்சுக் குட்டிக விழுந்துச்சு. தொப்பிக்காரர் போன்ல காட்டுன மாதிரி எல்லாம் ஒரே செவலையா நிக்கும்னு நான் வாசலக் கூட்டி வெச்சுக் காத்திருந்தேன். ஒண்ணு கருப்பும் வெள்ளையுமா வந்துச்சு. ஒண்ணுக்குக் காது தரையக் கூட்டுது. ஒரு கெடாக்குட்டிக்குக் கொம்பு மொளைக்கற எடத்துல முட்டு தட்டுப்படுது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் எட்டிப் பாத்துட்டு, இதுல எது உங்க சாதின்னு கேட்டுட்டுப் போனாரு.

நீங்க படிச்சவரு, என்ன ஆச்சுன்னு உங்குளுக்குத் தெரியும். நான் வாங்குன ஆடுகதான் நாலு சாதியும் கலந்ததுக. ஆனா எம்பட ஆடுகளச் சந்தேகப்பட எனக்கு மனசு வரலீங்க, நான் பாத்துப் பாத்து வாங்குனதாச்சே. கெடாவையும் சந்தேகப்பட முடியாது, அதையும் நாந்தான் பல்லப் புடிச்சுப் பாத்தேன். அப்ப மிச்சம் ஆரு? சம்பந்தி. வளர்பெற முச்சூடும் கெடாவ ஊரு ஊரா வாடகைக்கு உட்டுட்டு, ஓஞ்சுபோனதத்தான் எனக்கு அனுப்பறாரு, அதனாலதான் குட்டிக சுத்தமா வரலைன்னு முடிவு கட்டிட்டேன். வண்டின்னா எத்தன கிலோமீட்டர் ஓடுச்சுன்னு பாத்துச் சொல்லிப்போடலாம். கெடாவுல அத எங்கன்னு பாக்கறது.

அதுக்கும் ஒரு வழி கண்டுபுடிச்சேன் பாருங்க. இத நீங்க உங்க கம்பெனியிலகூடச் சொல்லலாம். செங்காவியக் கடலெண்ணையில கொழச்சுக் கெடாவோட நெஞ்சுல அப்பிவுட்டா, அது ஏறுன ஆட்டோட பின்பக்கம் செவப்பு ஒட்டிக்கும். எந்த ஆடு சேந்துச்சுன்னு கண்டுபுடிக்க ஆட்டுக்காரங்க செய்யறதுதான். நான் எந்த ஊரு ஆடுன்னு கண்டுபுடிக்கச் செஞ்சேன். அமாவாசைக்கு வாணி கூட்டிட்டுப் போறப்ப, என்னப்பா கெடா நெஞ்செல்லாம் செவப்புன்னு கேட்டா. உண்ணி கடிக்காம இருக்கறதுக்கு அம்மிணின்னேன். தலையாட்டிட்டு வண்டி ஏறிட்டா.

ஒரு வாரம் போகவுட்டுப் பஸ் ஏறுனேன். ஆருக்கும் சொல்லல. சம்பந்தி ஊருக்கு முந்துன ஊருலயே எறங்கி நடந்தேன். முட்டிவலிக்காரன், வெயில்ல, தடத்துல போற ஒவ்வொரு மந்தைக்கும் பின்னாலயே போயி ஆடுகளோட பொறத்தாலயே பாத்துக்கிட்டுப் போறேன். ஒரு அம்மா நிறுத்தி, ஏனுங்க ஆட்டத் தொலச்சுப்போட்டீங்களான்னு கேட்டுச்சு. இல்லீங்க, சும்மா பாக்கறேன்னேன். மொகத்தப் பாத்தாத்தான அடையாளம் தெரியும்னுச்சு. ஒரு மந்தையிலயும் செவப்பு இல்ல.

சம்பந்தியோட பட்டி தோட்டத்துல இருக்குது, ஊட்டுல இருந்து தள்ளி. அங்க போயி நின்னேன். பட்டி காலி தம்பி. ஒரு ஆடு இல்ல, ஒரு புழுக்கை இல்ல. வேப்பமரத்துக்கு அடியில எம்பட பாதிக் கெடா நின்னு அசை போட்டுக்கிட்டிருக்குது, நெஞ்சோட வயித்தச் சுத்திச் சாக்கு கட்டியிருக்குது. ஆட்டோட சேராம இருக்கக் கட்டற சாக்கு. அவுத்துப் பாத்தேன். காவி நான் பூசுன மாதிரியே இருக்குது.

இப்ப எம்பட மூளையப் பாருங்க. காவி அழிஞ்சிருந்தா வாடகைக்கு உட்டாருன்னு அர்த்தம். அழியாம இருந்தா, அழிஞ்சதும் திருப்பிப் பூசிட்டாருன்னு அர்த்தம். எப்படிப் பாத்தாலும் அந்த மனுசன் மாட்டிக்கிட்டாரு.

சம்பந்தி மம்பட்டியோட வந்தாரு. ஆடெல்லாம் எங்கைன்னேன். கெடா வாங்கறதுக்கு முன்னாலயே வித்துட்டேனுங்க, தண்ணி பத்தலன்னாரு. அப்பச் சாக்கு எதுக்குன்னேன். தடத்துல போற ஆடுகளோட சேந்து ஓஞ்சுறக் கூடாது, உங்குளுக்கு வர்றப்பத் தெம்பா இருக்கோணுமில்லன்னாரு. ஆடே இல்லாதவரு எதுக்குப் பாதிக் கெடா வாங்குனீங்கன்னு கேட்டேன். அவுரு எம்பட கையப் புடிச்சுக்கிட்டாரு.

"சம்பந்தி, இத ஊட்ல பேசிறாதீங்க. அவுளுக்கு முட்டிவலி, இந்தப் பக்கம் வர்றதில்ல. ஆடுக இருக்குதுன்னே நெனச்சுக்கிட்டிருக்கா. அப்படியே இருக்கட்டும், உங்குளுக்குப் புண்ணியமாப் போவும்."

எனக்கு என்ன தோணும் சொல்லுங்க. பொண்டாட்டிக்கே தெரியாம வாடகைக் காசு பாக்கறவன், என்னை ஏமாத்த யோசிப்பானா? கைய உதறிட்டு நேரா ஊட்டுக்குப் போனேன். பின்னாலயே வந்தாரு, சம்பந்தி, சம்பந்தின்னுக்கிட்டு. அன்னைக்கு எம்பட கொரலு தாழ்ந்து இல்லீங்க. சம்பந்தியம்மா கட்டல்ல உக்காந்து மொளகாய் கிள்ளிக்கிட்டிருந்துச்சு. வாணி எனக்குத் தண்ணி கொண்டாந்தா. அந்தச் சொம்பக்கூட வாங்காம, ஆடே இல்லாத பட்டிக்குக் கெடா எதுக்குங்க, நீங்களே உங்க ஊட்டுக்காரரக் கேளுங்கன்னு சத்தம் போட்டேன்.

அந்தம்மா எம்பட பக்கம் பாக்கவே இல்ல. சம்பந்தியையும் கேக்கல. மருமகளத்தான் பாத்துச்சு.

"அப்ப நீ மாசம் ரெண்டு தடவ எதுக்குப் போன?"

வாணி சொம்பக் கீழ வெச்சுட்டு உள்ள போயிட்டா. சம்பந்தி மம்பட்டியத் தோள்ல வெச்சபடியே வாசல்ல நின்னாரு, எறக்கறதுக்குத் தோணல அவுருக்கு. நான் மட்டும் ஜெயிச்சுட்டேன்னு நின்னுக்கிட்டிருந்தேன். பஸ்ல திரும்பி வர்றப்ப டிக்கெட் குடுத்தவர்கிட்டக்கூட, மனுசன் உசாரா இருக்கோணும் கண்டக்டர்னு சொன்னேன்.

கெடாவ வித்தோம். ஆளுக்குப் பாதி. கூட்டு முடிஞ்சுது.

அடுத்த பௌர்ணமி வந்துச்சு. சாயந்தரம் பாத்தா என் சம்சாரம் வாசலத் தெளிச்சுக் கோலம் போட்டுட்டு, அரிசிய எச்சாப் போடறா. கெடாவத்தான் வித்தாச்சே, இனி எந்த வண்டி வருதுன்னு இத்தன சோறுன்னு கேட்டேன். என்னைக் கட்டிக்கிட்ட நாளுல இருந்து அவ கொரலு ஒசத்துனதில்ல. அன்னைக்கும் ஒசத்தல.

"இந்த ஊட்டுக்குக் கெடாவா வந்துச்சு? எம்புள்ள வந்தா. அதுகூடக் கெடா வந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னா. சோறு மிஞ்சிப்போச்சு, மறுநாள் ரெண்டு பேரும் பழையது சாப்புட்டோம். அப்பத்தான் தம்பி எனக்கு மனசுல ஒவ்வொண்ணா ஓடுச்சு. டிரைவர் பின்னால போற கெடாவுக்கு வாணி கை எதுக்கு, வாயத் தொறக்காத மனுசன் வலிய வந்து போன் பண்ணுனது எதுக்கு, எல்லாம். பொண்டாட்டி பேச்சத் தட்ட முடியாதவரு, மருமக மெலிஞ்சு போறதப் பாத்துக்கிட்டும் இருக்க முடியாதவரு, பாதிக் கெடா வாங்குனாரு. அதப் போயி நான் வாடகைக் கணக்குப் பாத்தேன். போன்ல பேசற தொப்பிக்காரர்கூடச் சம்பந்தி மாதிரி ஆட்டு யாவாரம் பண்ணியிருக்க மாட்டாரு.

சம்பந்திக்குப் போன் போட்டேன். இன்னொரு கெடா பாக்கலாமுங்களா, இந்தத் தடவ முழுசும் நானே போடறேன், பாதி உங்குளுதுன்னு சொல்லிக்கலாம்னேன். இனி எந்தக் கெடாவும் செல்லாது சம்பந்தி, அவுளுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னாரு. கோவமில்லாமத்தான் சொன்னாரு. கோவிச்சிருந்தா எனக்குக் கொஞ்சம் நல்லா இருந்திருக்கும். இந்த நோம்பிக்கும் வாணிய அனுப்பல. போன்ல 'நல்லாருக்கேம்மா'தான் வருது, அதுவும் மொல்ல.

நேர்ல போயி அந்தம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லி, புள்ளயக் கையோட கூட்டியாங்கன்னு என் சம்சாரம் தெனமும் சொல்றா. எப்படிப் போறதுங்க? சும்மா எப்படிப் போறது? போனா என்னன்னு சொல்றது? ஆடே இல்லாத பட்டிக்குக் கெடா எதுக்குன்னு நான் கேட்டதுல ஒரு வார்த்த தப்பிருக்குதுங்களா? நீங்களே சொல்லுங்க. கேட்ட கேள்வி சரியான கேள்விதான். நான் போகாம இல்லீங்க, போறதுக்கு ஒரு காரணம் வேணும், அதத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். அதனாலதான் உங்க நோட்டீசுல கூட்டுன்னு பாத்ததும் உசுரு வந்த மாதிரி இருந்துச்சு.

நான் போட்டு வெச்சிருக்கற திட்டத்தக் கேளுங்க. பங்க எம்பட பேர்ல எழுத வேண்டாம். சம்பந்தியம்மா பேர்ல பாதி, எம்பட சம்சாரம் பேர்ல பாதி. கம்பெனி ரசீது, ரப்பர் ஸ்டாம்பு எல்லாம் பாத்தா அந்தம்மா நம்பும். கெடா அந்தம்மாளோடதுன்னு ஆயிட்டா, அத இங்க தனியா அனுப்ப அந்தம்மாளுக்கே மனசு வராது. ஆளு கூட வந்துதான ஆகோணும்?

என்ன சொல்றீங்க? கெடா உங்க பண்ணையிலயே இருக்குமா? இங்க வரவே வராதுங்களா? போன்ல படம் வரும், வருசம் தவறாம லாபம் ஊடு தேடி வரும், ஆட்ட நாங்க கண்ணுலயே பாக்க வேண்டியதில்லையா? அலைச்சலே இல்ல, அதுதான் உங்க திட்டத்துலயே விசேசமுங்களா.

அப்ப எடுத்து வெச்சுக்குங்க தம்பி. நல்ல திட்டந்தான், நான் கொற சொல்லல. ஆனா எனக்கு அந்த அலைச்சல்தான் வேணும். லாபம் வந்தா நீங்களே வெச்சுக்குங்க. கெடா சுத்தமா இல்லாட்டியும் போவுது, காது தொங்கட்டும், கொம்பு மொளைக்கட்டும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி இந்த வாசல்ல ஒரு வண்டி வந்து நிக்கோணும், அதுல இருந்து எம்புள்ள எறங்கோணும். அப்படி ஒரு திட்டம் இருக்குதான்னு உங்க மேனேசரக் கேட்டுச் சொல்லுங்க.